அந்தக் கம்பியைக் கழற்ற வந்தவர்

போன வருடம், ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் வண்டி உதிரி பாகக் கடைகள் வரிசையாக இருக்குமே, அங்கே நானும் என் கணவரும் காலையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். வாங்கப் போனது ஒரே ஒரு பொருள்தான். ஜீப்பின் மூக்குக்கு முன்னால் மாட்டுகிற இரும்புக் கம்பித் தடுப்பு. கடைக்காரர்கள் சிலர் புல் பார் என்பார்கள், சிலர் பம்பர் கார்டு என்பார்கள்.

எங்களுக்கு எதற்கு அது என்று கேட்பீர்கள். என் கணவருக்கு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, எனக்கு ஈஜிபுராவில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. கே.ஜி.எஃப். தாண்டி என் கொழுந்தனார் ஒரு மாந்தோப்பு வைத்திருக்கிறார். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்விடுவோம். கடைசிக் கொஞ்ச தூரம் வெறும் மண் பாதை, மழை பெய்தால் களிமண். சாதாரண கார் போய்ச் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் பை ஃபோர் ஜீப் ஒன்றைப் பழையதாகப் பார்த்து வாங்கினோம்.

வாங்கிய புதிதில் ஒருநாள், பங்காருபேட்டை தாண்டிப் போகும்போது ஓர் எருமைக் கன்று குறுக்கே பாய்ந்துவிட்டது. அவர் பிரேக் அடித்தும் லேசாக இடித்துவிட்டது. நாங்கள் இறங்கிப் பார்ப்பதற்குள் கன்று எழுந்து ஓடிவிட்டது. வண்டியின் பிளாஸ்டிக் பம்பர்தான் நடுவில் வாய் பிளந்து நின்றது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே புலம்பல். முன்னால் ஓர் இரும்பு இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதே என்று.

எங்கள் தெருவில் ஒருவருக்கு இந்த மாதிரிக் கம்பி மாட்டியதற்காக போலீஸ் அபராதம் போட்டது எனக்குத் தெரியும். அதனால் ஒரு நிபந்தனை வைத்தேன். சட்டப்படி செல்லுகிற மாதிரி ஒன்று இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று. அவரும் சரி என்றுதான் கூட்டிப் போனார்.

முதல் கடையில் கேட்டதும் சிரித்தார்கள். "சும்மா பயப்படறீங்க மேடம். புடிச்சா ஃபைன் கட்டிட்டுப் போய்ட்டே இருங்க" என்றார் அந்தக் கடைக்காரர். இன்னொரு கடையில், ஏர்பேக் வேலை செய்வதற்கு ஏற்ற மாதிரி செய்தது என்று சொல்லி, கம்பியின் மேல் ஒட்டியிருந்த ஒரு பளபள ஸ்டிக்கரைக் காட்டினார்கள். யார் அந்த ஸ்டிக்கரைக் கொடுத்தது என்று கேட்டேன். கம்பியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். வேறொரு கடையில் "லீகல் பீஸ்" என்று சொல்லி எடுத்துவந்தது, முந்தின கடையில் பார்த்த அதே கம்பி.

கடைசியாக ஒரு சந்துக்குள் இருந்த கடைக்குப் போனோம். அந்த உரிமையாளர் ஒருவர்தான் சுற்றி வளைக்காமல் பேசினார். "லீகல்னு ஒண்ணும் கெடையாதும்மா. இரும்புல எது போட்டாலும் ரூல்ஸ் பிரகாரம் தப்புதான். ஆனா ஊர்ல பாதிப் பேர் போட்டிருக்காங்க. வேணும்னா போடுங்க, வேணாம்னா விடுங்க."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கடைக்கு வெளியே நின்றிருந்த ஒரு வெள்ளை ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுடையதும் அதே மாடல்தான். ஆனால் அது புத்தம் புதியது. அதன் முன்னால் ஒரு மெக்கானிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கறுப்பு பெயின்ட் அடித்த பெரிய கம்பித் தடுப்பு ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெல்டிங் தெரியாத அளவுக்கு நேர்த்தியான வேலை. அதை விடுவித்துக் கீழே வைத்தபோது, டங்கென்று அது எழுப்பிய சத்தத்திலேயே அதன் கனம் தெரிந்தது.

பக்கத்தில் வண்டியின் சொந்தக்காரர் நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. இஸ்திரி போட்ட சட்டை, பல நாள் மழிக்காத முகம். குடை இருந்தும் விரிக்காமல் தூறலில் நனைந்துகொண்டிருந்தார்.

என் கணவர் அவரிடம் போய், "சார், இதைக் கழட்டிட்டு என்ன பண்ணப் போறீங்க? எங்களுக்குக் குடுத்துடறீங்களா? அதே மாடல்தான்" என்றார்.

"வேணாம் சார்."

"சும்மா வேணாம், வெலை சொல்லுங்க."

"வெலைக்காக இல்ல சார். இதை வெச்சு ஒருத்தரை இடிச்சுட்டேன்."

அவரே சொல்லிக்கொண்டு போனார். எங்களிடம் சொன்னார் என்பதைவிட, யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

ஸ்ரீராம்புரத்தில் ஒரு குறுகலான தெரு. ஒரு பக்கம் லோடு ஆட்டோ நின்றிருந்தது. நடந்து போகிற வேகத்தில்தான் இவர் ஜீப்பை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து ஒருவர் கையில் பெயின்ட் டப்பாவோடு இறங்கி வந்திருக்கிறார். வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர். இவர் பிரேக்கை மிதித்தார். ஈரத்தில் வண்டி ஒரு முழம் வழுக்கியது. கம்பிக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் அந்த மனிதர் மாட்டிக்கொண்டார்.

"வெறும் பம்பரா இருந்தா இவ்ளோ ஆயிருக்காதாம். டாக்டர் சொன்னாரு. இந்தக் கம்பி சரியா இடுப்பெலும்பு ஒசரத்துல இருக்கு" என்று தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினார். "ஒரு சத்தம் கேட்டுது சார். அவர் கத்தினது இல்ல. வேற சத்தம்."

காட்டுக்கும் மேட்டுக்கும் போகிறவர் இல்லையே, எதற்காக மாட்டினீர்கள் என்று என் கணவர் கேட்டார். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வண்டி எடுத்த வாரமே ஒரு பைக்குக்காரன் முன்பக்கம் கீறிவிட்டுப் போனானாம். இந்த ஊர் டிராஃபிக்கில் இன்னொரு கீறல் விழக்கூடாது என்று மாட்டினாராம். கீறல் என்ற சொல்லைச் சொல்லும்போது கீழே கிடந்த கம்பியைப் பார்த்தார்.

கேஸ் நடக்கிறது, போலீஸ் சோதனையெல்லாம் முடித்து இப்போதுதான் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள், இதைக் கழற்றிவிட்டுத்தான் ரோட்டில் ஓட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள் என்றார்.

கடைக்காரர் வெளியே வந்து அந்தக் கம்பியைப் புரட்டிப் பார்த்தார். நல்ல பீஸ், இங்கேயே இருக்கட்டும், யாராவது வாங்குவார்கள் என்றார். வண்டிக்காரர் கூடாது என்றார். துண்டு துண்டாக அறுத்துப் போடச் சொன்னார். கடைக்காரர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் மெக்கானிக் கட்டிங் மெஷினை எடுத்து வந்து அறுக்க ஆரம்பித்தார். தூறலுக்குள் பொறி பறந்தது. அந்தச் சத்தம் நிற்கும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை. என் கணவரும் நகரவில்லை. நாங்கள் எதற்காக வந்தோம் என்பதையே மறந்துவிட்டு நின்றிருந்தோம்.

எல்லாம் முடிந்து அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, வண்டி கிளம்பவில்லை. பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். தன்னால் ஓட்ட முடியவில்லை என்றார். ஒரு டிரைவரை வைத்துத்தான் இங்கே கொண்டு வந்தாராம். கம்பி போய்விட்டால் தானே ஓட்டிவிடலாம் என்று நினைத்து அவரை அனுப்பிவிட்டாராம்.

"எங்க போகணும் சார்?" என்றார் என் கணவர்.

"ஆஸ்பத்திரிக்கு. தெனம் போறேன். இன்னிக்கு ஏர் பெட் ஒண்ணு வாங்கியிருக்கேன், முதுகுல புண்ணு வராம இருக்க. அதைக் குடுக்கணும்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எங்கள் ஜீப்பைக் கடை ஓரத்திலேயே விட்டுவிட்டு, அவருடைய வண்டியை என் கணவர் ஓட்டினார். அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால், ஏர் பெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. வழியெல்லாம் அவர் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். ஆட்டோ ஒன்று நெருங்கினால்கூட இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்தார்.

தனியார் ஆஸ்பத்திரி. செலவு முழுக்க அவருடையது. இரண்டாவது மாடி வார்டு வாசல் வரை வந்தவர், அங்கேயே நின்றுவிட்டார்.

"மேடம், நீங்களே உள்ள போய்க் குடுத்துடறீங்களா? நேத்து நான் போனப்ப அவங்க சம்சாரம் எதுவும் பேசலை. நீங்க லேடி. நீங்க குடுத்தா வாங்கிப்பாங்க."

உள்ளே போனேன். ஜன்னலோரப் படுக்கை. இடுப்பைச் சுற்றி இரும்புச் சட்டம் பொருத்திப் படுத்திருந்தார் அந்த மனிதர். மெலிந்த உடம்பு. நகக்கண்ணில் இன்னும் நீல பெயின்ட் ஒட்டியிருந்தது. கண் மூடியிருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் அவருடைய மனைவி. என் வயதுதான் இருக்கும். ஏதோ அபார்ட்மென்டில் வீட்டுவேலை செய்கிறவர் என்று பிறகு பேச்சில் தெரிந்தது. பெட்டியைக் கொடுத்து, யார் கொடுத்தார் என்று சொன்னேன்.

"நீங்க அவரு வீட்டுக்காரம்மாவா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. இன்னிக்குக் காலையிலதான் ஒரு கடையில பாத்தோம். அவருக்கு வண்டி ஓட்ட முடியல, அதான் வந்தோம்."

அந்த அம்மா கணவரின் போர்வையைச் சரி செய்தார். பிறகு எழுந்து, என்னை வார்டின் மூலைக்குக் கூட்டிப் போனார். சொந்தக்காரி இல்லை என்று தெரிந்ததால்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"அக்கா, உங்களக் கும்புட்டுக் கேக்கறேன். அவர இனிமே வர வேணாம்னு சொல்லுங்கக்கா."

திட்டப் போகிறார், சாபம் விடப் போகிறார் என்று நினைத்தேன். அப்படி எதுவும் இல்லை.

"கோவம் இருக்குதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்காகச் சொல்லல. தெனம் வந்து இந்த ஸ்டூல்ல குந்திக்கினு அழறாரு. எங்க வீட்டுக்காரரு வலியோட வலியா 'பரவால்ல சார், அழாதீங்க சார்'ங்கறாரு. நான் டீ வாங்கியாந்து தரேன். சாப்டீங்களான்னு கேக்கறேன். அவரு கெளம்பிப் போன பின்னால இவரு பல்லக் கடிச்சிக்கினு கெடக்கறாரு. அவரு இருக்கிற வரைக்கும் மொனகக்கூட மாட்டாரு, அவர் மனசு கஷ்டப்படுமாம். எங்களால முடியலக்கா. எங்களத் தேத்தவே ஆளில்ல, அவர வேற நாங்க தேத்த வேண்டியிருக்குது."

குரலைத் தாழ்த்திச் சொன்னார். "செலவெல்லாம் அவருதான் பாக்கறாரு. அதனால மூஞ்சிக்கு நேரா சொல்லவும் முடியல. நான் சொல்லி, நாளைக்கு அவரு கைய விட்டுட்டா?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது? என் ஃபோன் நம்பரைக் கொடுத்தேன். இருவரும் நர்ஸோடு சேர்ந்து அந்த ஏர் பெட்டைக் காற்றடித்து விரித்தோம். அவரைத் தூக்கி அதன் மேல் கிடத்தும்போது அந்த மனிதர் கத்தினார். பெரிய கத்தல். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும், "சார் வெளிய இருக்காரா? கேட்டிருக்குமா?" என்றார் மனைவியிடம்.

வார்டு வாசலுக்கு நடந்து வந்த அந்தச் சில அடிகளை நான் மறக்கவே மாட்டேன். வெளியே அவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். கத்தல் கேட்டிருந்தது என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தில் என் கணவர் கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார்.

முதலில் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன். அவர் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும், நீங்களும் சில நாள் வீட்டில் இருங்கள் என்றெல்லாம். அவர் என்னை நிறுத்தினார்.

"என் மேல கோவமா இருக்காங்களா மேடம்?"

"இருக்கு. ஆனா அதனால சொல்லல."

"மன்னிக்கச் சொல்லித்தான் மேடம் தெனம் வரேன். வேற எதுக்கும் இல்ல."

அதற்கு மேல் மறைத்தால் அந்த அம்மா என்னிடம் கேட்டதைச் செய்யாமல் போய்விடுவேன் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். "நீங்க வந்தா, அவங்க உங்களைத் தேத்த வேண்டியிருக்காம் சார். அவரு வலியில கத்தக்கூட மாட்டேங்கறாராம், உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு. அவங்களால முடியல."

முதலில் அது அவருக்குப் புரியவில்லை என்றுகூட நினைத்தேன். பிறகு, அங்கிருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அழவில்லை.

"அப்போ நான் என்னதான் பண்றது?" என்று கேட்டார்.

என் கணவர்தான் அவர் தோளில் கை வைத்துச் சொன்னார். "செலவுக்கு இப்ப பண்றதை நிறுத்தாதீங்க சார். அதை யார் மூலமாவாவது பண்ணுங்க. நீங்க வர்றதை மட்டும் நிறுத்துங்க."

அவர் தலையாட்டினார். டிரைவரை வரச் சொல்லி ஃபோன் செய்தார். டிரைவர் வந்து அவரைக் கூட்டிப் போகும்வரை உடன் இருந்தோம். படியிறங்கும்போது ஒரு முறைகூடத் திரும்பி வார்டைப் பார்க்கவில்லை. எங்களுக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆட்டோ பிடித்து ஜே.சி. ரோட்டுக்குத் திரும்பினோம். கடைக்காரர், மாடல் ஏதும் பார்த்துவைத்தீர்களா என்று கேட்டார். கம்பெனி பிளாஸ்டிக் பம்பர் எங்கே கிடைக்கும், பழசு மாதிரியே ஒன்று வேண்டும் என்றார் என் கணவர். அதைத்தான் வாங்கி மாட்டினோம். அடுத்த முறை கன்றுக்குட்டி குறுக்கே வந்தால் அதுவும் உடையும். உடையட்டும் என்று விட்டுவிட்டார். மாந்தோப்புக்குப் போகும்போது இப்போது நாற்பதைத் தாண்டுவதில்லை. பின்னால் ஹாரன் அடிக்கிறவர்கள் அடித்துக்கொண்டே இருக்கட்டும்.

அந்த அம்மா அவ்வப்போது ஃபோன் செய்வார். கணவரை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார். ஏணி ஏறவோ, நின்று சுவருக்கு வெள்ளையடிக்கவோ இனி முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வக்கீல் மூலம் செலவுக்கு வருகிறதாம், தவறுவதில்லையாம். அந்த ஜீப்காரர் வருவதில்லை. "இப்பல்லாம் வலிச்சா நல்லாக் கத்தறாருக்கா" என்றார் ஒருமுறை. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாத ஒரு செய்தி.

ஜீப்காரரும் ஒருமுறை என் கணவருக்கு ஃபோன் செய்தார். பொங்கலுக்கு முந்தின நாள். இப்போது போய்ப் பார்க்கலாமா, மேடத்தைக் கொஞ்சம் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்டாராம். நான் அந்த அம்மாவிடம் அதைக் கேட்கவே இல்லை. பண்டிகை நாளில் அவர்களிடம் அந்தக் கேள்வியைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு அதை எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. இன்றுவரை பதில் சொல்லாமலேயே இருக்கிறோம். அவர் தெருமுனையில் எங்கேயோ நின்றபடி காத்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவரும் பாவம்தான். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

துக்க வீட்டுக்கோ, என்னால் மனம் நொந்த யாரையாவது பார்க்கவோ போகும்போதெல்லாம் இப்போது வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்று, நான் உள்ளே போவது அவர்களுக்காகவா அல்லது என் மனசு லேசாக வேண்டும் என்பதற்காகவா என்று கேட்டுக்கொள்கிறேன். பல நேரங்களில் வரும் பதில் எனக்குப் பிடித்ததாக இருப்பதில்லை.